நிறுத்திய கை

ஜூன் 14

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல இருக்கிறது. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரும் தினமும் இரண்டு வரியாவது நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று எங்கள் திட்டத்தில் விதி போட்டது யார்? நான்தான். அனுபவி, கோகிலவாணி.

ஜூன் 16

மாத்திரை வேலை செய்கிறது. நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் சில வருடங்களாக நான் கட்டிக்கொண்டு அழுகிற இயந்திரம் மனிதத் தோள்பட்டைதான். எலும்பு முறிந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இவர்களுடைய கை எதுவரை எட்டுகிறது என்று அளந்து காட்டும் ஒரு கணினி மாதிரியை உருவாக்கியிருக்கிறேன். நெஞ்சிலும் முதுகுச் சப்பையிலும் கையிலும் சின்னச் சின்ன சென்சார்களை ஒட்டி, கையை எல்லாப் பக்கமும் வீசச் சொன்னால், திரையில் அந்த ஆளைச் சுற்றி ஒரு நீலப் பலூன் விரியும். பலூனுக்கு உள்ளே இருப்பது கைக்கு எட்டும். வெளியே இருப்பது எட்டாது. கையைத் தூக்குவது பார்க்கத்தான் சுலபம். மேற்கை இரண்டு பங்கு உயர்ந்தால் சப்பை எலும்பு ஒரு பங்கு திரும்பிக் கொடுக்க வேண்டும். காறை எலும்பும் கூடவே எழ வேண்டும். இந்த மூன்றும் பேசி வைத்துக்கொண்டு செய்கிற காரியத்தைச் சமன்பாட்டில் பிடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. இதைப் பற்றி ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசுவேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

வியாழக்கிழமை அந்த சென்சார் பெட்டியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். மையத்தின் வாசலுக்கு முன்னால் யாரோ புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடு கிடையாது. பெட்டி நழுவியது. சாதாரண மனிதர்கள் அப்போது ஹேண்டில்பாரைப் பிடிப்பார்கள். நான் பெட்டியைப் பிடித்தேன்.

பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. என் வலது மேற்கை எலும்பு, தோளுக்குச் சற்றுக் கீழே, உடைந்துவிட்டது. மையத்தின் பிசியோதெரபிஸ்ட் நஸ்ரின் ஓடிவந்தாள். என் மாதிரியை நோயாளிகளிடம் வைத்துப் பார்ப்பவள் அவள்தான். தரையில் கிடந்தபடி அவளிடம், பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னேனாம். "மேடம், பெட்டி நல்லாத்தான் இருக்கு. மொதல்ல அதை விடுங்க" என்றாளாம்.

ஆபரேஷன் தேவையில்லை, கழுத்துப் பட்டையில் கையைத் தொங்கவிட்டு எலும்பு சேர்ந்ததும் பயிற்சி என்றார் மருத்துவர். தோள் ஆராய்ச்சி செய்கிறவள் தோளை உடைத்துக்கொண்டாள் என்ற செய்தியோடு கல்லூரி கேன்டீனில் இன்று காப்பி கூடுதலாக விற்றிருக்கும்.

இவ்வளவையும் எழுத ஒரு மத்தியானம் போய்விட்டது.

ஜூன் 19

மகள் மிருதுளா பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். குளிக்க வைத்து, உடை மாட்டிவிட்டு, தலை வாரிவிட்டு, சோறும் ஊட்டுகிறாள். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். "நீ இடது கையில சாப்பிடறத நான் பார்க்க வேண்டியிருக்குதுல்ல" என்றாள்.

கணவர் சென்னியப்பன் என் அறை வாசலில் நின்று "வலி எப்படி இருக்குது?" என்று கேட்டார். "பரவாயில்லைங்க" என்றேன். எங்கள் வீட்டு அளவுக்கு இது நீண்ட உரையாடல்.

ஜூன் 22

ஞாயிறு. மிருதுளா தூங்குகிறாள்.

சென்னியப்பனைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். மின்வாரியத்தில் பொறியாளர். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது. சண்டை போடுவதற்குப் பேச வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன், மிருதுளா படிக்கப் போன கொஞ்ச நாளில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சப்பை எலும்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். "உனக்கு உன்ற தோள்மூட்டே போதும்" என்றார். "ஆமாங்க, அதுவாவது நான் சொல்றதைக் கேக்குது" என்றேன். நல்ல பதில் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு பால், கேஸ், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. யார் கோபமாக இருக்கிறார்கள் என்றே தெரியாத ஒரு கோபம்.

இந்த மார்ச்சில், மலை மேல் இருக்கும் நீர்மின் நிலையத்துக்கு மாற்றல் கேட்டிருப்பதாகச் சொன்னார். அவராகவே கேட்டது. அங்கே தனிக் குவார்ட்டர்ஸ் உண்டாம். "சரிங்க" என்றேன். முதிர்ச்சியான தம்பதி.

ஜூன் 28

மிருதுளா தேர்வுக்குக் கிளம்பிவிட்டாள். குளிக்கவும் உடைமாற்றவும் உதவிக்குப் பகலில் ஓர் அம்மா வருகிறார். அவருக்கு எல்லாம் வரும், தலை பின்ன மட்டும் வராது. அவர் பின்னியதைக் கண்ணாடியில் பார்த்தேன். தேங்காய் நார்.

ஜூன் 29

ஒரு முடிவுக்கு வந்தேன். முடியை வெட்டிவிடுவது. இடுப்பு வரை முடி வைத்துக்கொண்டு ஒரு கையால் என்ன செய்வது? காலையில் ஆட்டோ கூப்பிடப் போனை எடுத்தேன்.

"எங்க கிளம்பிட்டே?" என்றார் சென்னியப்பன்.

"முடி வெட்டிக்கப் போறனுங்க."

"எவ்வளவு?"

"கழுத்து வரைக்கும்."

கையிலிருந்த பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார். "உக்காரு" என்றார்.

நான் காலை ஏழு மணிக்கே கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஓடிவிடுவேன் என்பதால் மிருதுளாவின் பள்ளிக்கூட நாட்களில் அவளுக்குத் தலை பின்னியது இவர்தான். அது எனக்கு மறந்தே போயிருந்தது. எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, வகிடு எடுத்து, மடமடவென்று பின்னினார். மின்கம்பி இழுக்கிறவருக்குப் பிடி நன்றாகத்தான் இருக்கிறது. முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். ரெட்டைச் சடை. மடித்து, காதுக்குப் பின்னால் தூக்கிக் கட்டியிருந்தார். ஐம்பதை எட்டப்போகும் பேராசிரியை, ஆறாம் வகுப்பு ஆ பிரிவு.

"எனக்கு இது ஒண்ணுதான் வரும்" என்றார்.

அவிழ்க்க ஒரு கை போதாது என்பதால் இரவு வரை அப்படியே இருந்தேன்.

ஜூலை 11

கழுத்துப் பட்டை எடுத்தாயிற்று. கை என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரித் தொங்கவிட்டு ஆட்டச் சொல்கிறாள் நஸ்ரின். ஆட்டினேன்.

மறுபடி வலது கையால் எழுதுகிறேன். எழுத்து அப்படி ஒன்றும் அழகாகிவிடவில்லை.

ஜூலை 18

இன்று என் சென்சார்களை என் மேலேயே ஒட்டினார்கள். ஆராய்ச்சிக் கணக்கில் என்னைச் சேர்க்க முடியாது, சும்மா சோதனைக்குத்தான். திரையில் பலூன் விரியும் என்று பார்த்தேன். ஒரு பணியாரம் விரிந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினேன். உடனே "ஙே" என்று ஒரு சத்தம். கை எட்டாதபோது நோயாளிகள் உடம்பைச் சாய்த்தும் தோளைக் குலுக்கியும் எட்டியது போலக் காட்டுவார்கள். அதைப் பிடிப்பதற்குத்தான் என் மாதிரி. பிடித்தால் சத்தம் போடும். எத்தனையோ மணிச் சத்தங்கள் இருக்க, நோயாளிக்கு உறைக்கட்டும் என்று இருப்பதிலேயே அசிங்கமான இந்தச் சத்தத்தைத் தேடி வைத்தவள் நான்.

"உடம்பு சாயுது மேடம்" என்றாள் நஸ்ரின்.

"தெரியும்."

"தோளும் காதுக்கிட்ட போகுது."

"அதுவும் தெரியும், நஸ்ரின்."

"ஙே" என்றது.

ஆகஸ்ட் 8

கை தோள் மட்டம் வரை உயர்கிறது. சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி. கதவு நிலையில் ஒரு கப்பி மாட்டிக் கயிறு இழுக்கும் பயிற்சி. கப்பியை மாட்டியது சென்னியப்பன். அதில் ஒரு டிரான்ஸ்பார்மரைத் தொங்கவிடலாம், அவ்வளவு பலமாக மாட்டியிருக்கிறார்.

காலையில் தலை பின்னும் வேலை தொடர்கிறது. இப்போது ஒற்றைச் சடைக்கு முன்னேறிவிட்டார். ஒரு விஷயம் கவனித்தேன்; ஆராய்ச்சி நோக்கில் எழுதி வைக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பேச முடியாத மனிதர் பின்னந்தலையிடம் நன்றாகப் பேசுகிறார். மலையிலிருந்து தண்ணீர் ராட்சதக் குழாயில் இறங்கி வருமாம். விசையாழி சுற்ற ஆரம்பிக்கும்போது காலடியில் தரை லேசாக நடுங்குமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை போய்ப் பார்த்தாராம். அன்றிலிருந்து ஆசையாம். எனக்கு இதெல்லாம் தெரியாது. "ஏன் எங்கிட்டச் சொல்லவே இல்லை?" என்று கேட்டேன். "ஆடாத, வகிடு கோணுது" என்றார்.

பிறகு அவராகவே, "அந்தச் சப்பை எலும்பு எதோ திரும்பும்னியே, எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். காப்பி ஆறிவிட்டது.

ஆகஸ்ட் 22

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அடுத்த வாரம் சேர வேண்டும். மேலதிகாரியிடம் பேசி அவகாசம் வாங்கியிருக்கிறார்.

"உன்ற கை பின்னங்கழுத்துக்கு எட்டட்டும். நீயா தலை பின்னிக்கற அன்னிக்கு நான் கிளம்பறேன்."

நியாயமான ஏற்பாடு. எனக்கும் ஆட்சேபணை இல்லை. மலைக் குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

இன்று பயிற்சி செய்யவில்லை. அலுப்பாக இருந்தது.

செப்டம்பர் 3

குளிக்கும்போது கை பின்னங்கழுத்தைத் தொட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பர் 5

ஒருமுறை நடந்ததைத் தரவு என்று சொல்ல முடியாது. என் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். குளியலறையில் ஈரம், வெந்நீர், வழுக்கல் என்று பல காரணிகள். ஆகவே மையத்தில் நடந்த சோதனையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே கை காதோடு நின்றுவிட்டது.

குளியலறையில் இன்றும் தொட்டது.

செப்டம்பர் 15

சென்னியப்பன் போனில் வீடியோ பார்த்து நாலு கால் பின்னல் கற்றுக்கொண்டிருக்கிறார். மூன்று முறை அவிழ்த்துப் பின்னினார். கல்லூரியில் இரண்டு பேர், எந்தப் பார்லர் என்று கேட்டார்கள்.

மையத்தில்: காதோடு நின்றது.

செப்டம்பர் 29

நஸ்ரினுக்குக் குழப்பம். "படம் எல்லாம் நல்லா இருக்கு. எலும்பு சேர்ந்துருச்சு. நான் புடிச்சுத் தூக்கினா மேல போகுது. நீங்களா தூக்கினா ஏன் மேடம் அங்கயே நிக்குது?"

"மனித உடம்பு சிக்கலானது, நஸ்ரின்" என்றேன். கால் வேகமாக ஆடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, காலில் சென்சார் இல்லை.

அக்டோபர் 10

மருத்துவரைப் பார்த்தோம். சென்னியப்பனும் கூட வந்தார். நாலைந்து வாரமாக முன்னேற்றம் இல்லை என்று பட்டியலைக் காட்டினார் மருத்துவர். மூட்டு உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாமாம். தீபாவளி முடிந்ததும் மயக்க மருந்து கொடுத்து, கையைப் பிடித்து வளைத்து விடலாமாம். சில சமயம் எலும்பு மறுபடி உடையும் அபாயம் உண்டு என்பதையும் சொன்னார்.

சென்னியப்பன் முகத்தைப் பார்த்தேன். மின்சாரத்தோடு முப்பது வருடம் வேலை செய்தவர். பயந்து நான் பார்த்ததில்லை. "வேற வழி இல்லைங்களா, டாக்டர்?" என்று மூன்று முறை கேட்டார்.

சொல்லியிருக்கலாம். அந்த அறையிலேயே கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். "யோசிச்சுச் சொல்றோங்க" என்றேன்.

அக்டோபர் 14

காலையில் அவரைக் காணோம். மத்தியானம் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். சென்னிமலைக்குப் போய்ப் படியேறி வந்தாராம். கோயிலுக்குப் போனால் வெளியே நின்று செருப்புக்குக் காவல் இருக்கிற மனிதர். எனக்கும் பூசிவிட்டார். பிறகு சொன்னார், மாற்றல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

"அந்தப் பவர்ஹவுஸ் உங்க ஆசையாச்சே?"

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள உன்னை விட்டுட்டு மலையில உக்காந்து நான் என்ன பண்றது?"

எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

அக்டோபர் 16

மாட்டிக்கொண்டேன்.

நஸ்ரின் கதவைச் சாத்திவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினாள். பலூனைக் காட்டவில்லை. கையின் வேகத்தைக் காட்டும் கோட்டைக் காட்டினாள். அந்தக் கோடு நானே சேர்த்தது. யாரும் பார்ப்பதில்லை என்பதால் நானே மறந்துபோனது.

"இது வேற ஒரு பேஷண்ட். இவருக்கு மூட்டு நெசமாவே இறுகியிருக்கு. கை கடைசி வரைக்கும் தள்ளுது பாருங்க. நடுங்குது. முட்டுது. அப்பறம் நிக்குது. இது நீங்க. அழகா வேகம் குறைஞ்சு, நடுக்கமே இல்லாம, ஸ்டாப்புல பஸ் நிக்கிற மாதிரி நிக்குது. ஒவ்வொரு தடவையும் அதே ஸ்டாப்." என்னைப் பார்த்தாள். "மேடம், இது நின்ன கை இல்ல. நிறுத்தின கை."

எட்டாததை எட்டியது போலக் காட்டுகிறவர்களைப் பிடிக்க வருடக்கணக்கில் உழைத்தேன். எட்டுவதை எட்டாதது போலக் காட்ட ஒரு கழுதை வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"வீட்ல ஏதாவது பிரச்சினையா?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "கை சரியாயிட்டா வேலை செய்யச் சொல்லிக் கஷ்டப்படுத்துவாங்களா? எங்கிட்டச் சொல்லலாம்."

"அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன?"

"கை சரியானா அவர் ஊருக்குப் போயிருவாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கே கேட்டது.

நஸ்ரின் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சென்சார்களை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தாள். "திங்கக்கிழமை தீபாவளி. அதுக்குள்ள அவர்கிட்டயும் டாக்டர்கிட்டயும் நீங்களே சொல்லிருங்க. இல்லேன்னா செவ்வாக்கிழமை நான் சொல்லணும். மயக்க மருந்து விளையாட்டு இல்ல மேடம்." கதவு வரை போனவள் திரும்பி, "போகாதீங்கன்னு சொன்னா முடிஞ்சுதே" என்றாள்.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாம் சுலபம்.

அக்டோபர் 18

சொல்லிவிட்டேன்.

முன்னேற்பாடாக மூன்று விதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். அதை வாங்கி, நானே என் தலையை, உச்சியிலிருந்து பின்னங்கழுத்து வரை, ஒரே இழுப்பாக வாரிக் காட்டினேன்.

முதலில் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் மிகவும் மோசம். "அட! எப்ப இருந்து?" என்றார்.

"செப்டம்பர் மொத வாரத்துல இருந்துங்க."

கணக்குப் போடுவது தெரிந்தது. மலர்ந்த முகம் மெல்ல மூடிக்கொண்டது.

"டாக்டர் கத்தி எடுக்கறேன்னாரே, அப்பவும் தெரியுமா?"

"கத்தி இல்லைங்க, சும்மா வளைச்சு..."

"கோகிலா!"

இந்த வீட்டில் இரண்டு வருடமாகக் கேட்காத சத்தம். பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுவிட்டது.

"நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? மறுபடி ஒடஞ்சா என்ன பண்றது, முழிக்காம போயிட்டா என்ன பண்றதுன்னு, பைத்தியக்காரனாட்டம் மலையேறிப் போய் நின்னேன். நீ இங்க நோகாம காதோட நிறுத்திட்டு உக்காந்திருந்தயா?"

"நீங்கதான மலைக்கு எழுதிக் குடுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சொன்னேனே! நீ என்ன சொன்னே? 'சரிங்க.' பேப்பர் திருத்திட்டு, நிமிர்ந்துகூடப் பாக்காம, 'சரிங்க.' போகாதேன்னு ஒரு வார்த்தை வந்துதா?"

"போறவரைப் புடிச்சு வெக்கறதுக்கு நான் யாருங்க? எனக்குத்தான் தோள்மூட்டே போதுமே!"

"அதை இன்னுமா வெச்சுட்டிருக்கறே?"

"நீங்க சொன்னது! நல்லா சோத்துக்கு நடுவுல சொன்னது! அப்பறம் மார்ச் மாசத்துல, உத்தரவு வர்றதுக்கு முந்தியே, அதோ அங்க இருந்து, பொட்டியை எறக்கித் துடைச்சு வெச்சது யாரு? நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே எங்கேயோ பார்த்தார்.

"கோகிலா."

"என்ன?"

"கை."

நிமிர்ந்து பார்த்தேன். என் வலது கை நேராக மேலே நீண்டு பரணைக் காட்டிக்கொண்டிருந்தது. முழங்கை மடங்காமல், காதை ஒட்டி. குளியலறையில்கூட அவ்வளவு போனதில்லை. பார்த்தபிறகுதான் வலித்தது. அப்படி ஒரு வலி. இறக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

ஓடிவந்து முழங்கையைத் தாங்கினார். "விடாத, விடாத. மெதுவாத்தான் எறக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்று சொல்லிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். முழுக்க இறங்கிய பிறகும் முழங்கையை விடவில்லை. அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அந்தப் பலூன் எவ்வளவு பெருசா வந்திருக்கும்?" என்றார்.

நான் அழுதேன். வலிதான்.

அக்டோபர் 20

தீபாவளி. மிருதுளா வந்தாள். எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் பேசிக்கிறீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றாள்.

அக்டோபர் 21

மருத்துவரிடம் சொன்னேன். இருபது வருடத்தில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை என்றார். பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அக்டோபர் 27

மாற்றல் வேண்டாம் என்று எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னேன். "போகச் சொல்றயா?" என்றார். "ஆமாங்க. தரை நடுங்கறதை நானும் பாக்கணும்" என்றேன். அவர், சனி ஞாயிறுக்கு இங்கே இருந்து மலைக்கு எத்தனை பஸ் இருக்கிறது என்று போனில் தேட ஆரம்பித்தார்.

நவம்பர் 3

காலையில் கிளம்பிப் போனார். நானே தலை பின்னிக்கொண்டேன். தேங்காய் நார்.

நவம்பர் 7

நிறுத்திய கையையும் கண்டுபிடிக்கும்படி மாதிரியைத் திருத்துகிறோம். நஸ்ரினின் யோசனை. பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அவர்களைத் திட்டக் கூடாது, கேட்க வேண்டுமாம். அதனால் இந்த முறை சத்தம் வைக்கவில்லை. மாதிரியைப் பழக்குவதற்கு இப்போதைக்கு ஒரே ஒரு ஆளின் தரவு இருக்கிறது. மிகத் தரமான தரவு, கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்று சொல்லிவிட்டு, நஸ்ரின் இன்றுதான் சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள்.

நவம்பர் 15

மலை. பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் பாதி வழியில் குமட்டல் வந்துவிட்டது. நிறுத்தத்தில் குடையோடு நின்றிருந்தார். மழை இல்லை. வரலாம் என்று கொண்டுவந்தாராம்.

பவர்ஹவுஸுக்குள் கூட்டிப்போனார். தரை நடுங்கியது. அவ்வளவு பெரிதாக ஒன்றும் இல்லை, பெரிய மாவு மில் மாதிரி. அதைச் சொல்லவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "அடேயப்பா" என்றேன். ஏமாற்றுவதில் எனக்கு நல்ல பயிற்சி இருக்கிறது. ஆனால் அவர் நம்பவில்லை. "சும்மா சொல்ற" என்றார். இருவரும் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திச் சிரித்தோம்.

சாயங்காலம் குளிர் எலும்பைத் தொட்டது, குறிப்பாக ஒட்டிய எலும்பை. குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றபடி அவருடைய ஸ்வெட்டரை எடுத்து நீட்டினேன்.

"போட்டு விடுங்க."

பதறிப்போனார். "கை வலிக்குதா? தூக்க முடியலையா?"

"நல்லாத் தூக்க முடியுதுங்க."

"பின்னே?"

"பின்னே ஒண்ணுமில்ல. போட்டு விடுங்க."

ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டார். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.